ஜன்னலோர கேப்டன்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் வலிதான் குளிர் போன பிறகும் போகவில்லை. நீ, உன் மனைவி, அப்பா மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போன தடவை நாம் இருவருமே கத்தினோம். யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர் ஆரம்பிக்க முடியும். முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நான் கேட்டும் கிடைக்காத ஒழுங்கு அது.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகை கிடந்தது. தனி முகமுள்ள ஓய்வு வீடுகள் என்று தலைப்பு. வயல் நடுவே இரண்டு வீடு, கடலோரம் மூன்று. மூன்றாவது உன் விடுதி. சொரசொரப்பாக விட்ட வெள்ளைச் சுவர், பழைய படகுப் பலகையில் சாப்பாட்டு மேசை, மாடிப்படிக்குக் கைப்பிடியாகக் கப்பல் கயிறு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கப்பலின் வட்ட ஜன்னல் சட்டம். உன் மனைவிக்கு நல்ல கண் என்று பெருமையாகத்தான் இருந்தது, பக்கத்தைத் திருப்பும்வரை.

அடுத்த பக்கம் முழுவதும் அகன்ற ஜன்னல். அதன் அருகே பிரம்பு நாற்காலி. அதில் அப்பா. தலையில் நீலக் கம்பளித் தொப்பி, வாயில் புகையிலை போடாத சுங்கான், கையில் பித்தளைத் தொலைநோக்கி. கீழே எழுதியிருந்தது: 'நாற்பது ஆண்டு கடலை ஆண்ட கேப்டன், இந்த வீட்டின் உயிர்.'

நம் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போனவர். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஏரியில் படகு ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்தாரே, நீ மறந்துவிட்டாயா?

அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். புத்தகத்தைக் கிழித்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான். நான் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, பல் பிடுங்கப் பயம்போல என்று நர்ஸ் தைரியம் சொன்னாள்.

எனக்கு விளக்கம் வேண்டும்.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் கோபம் வந்தது. வந்த சூட்டில் எழுத வேண்டாம் என்று இரண்டு வாரம் ஆறப்போட்டேன்.

யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. கடல் காற்று காதில் அடிக்கிறதே என்று இவள்தான் தொப்பியை அப்பா தலையில் வைத்தாள். அன்று வந்த விருந்தாளி ஒருவர், சார் கப்பலில் இருந்தவரா என்று கேட்டார். இவள் விளையாட்டாக ஆமாம் என்றாள். அப்பா மறுப்பார் என்று பார்த்தோம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு பேர் இருட்டில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். ஆமாம், அதே கதைதான். துணிக்கடை லிஃப்டில் நடந்தது. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே என்பதை மட்டும் விட்டுவிட்டார். எல்லோரும் அதைக் கப்பலின் அடித்தளம் என்று நினைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்டார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. இடத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வீட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்க வேண்டும் என்பது இவளுடைய எண்ணம். மக்கள் அதற்காகத்தான் இங்கே வருகிறார்கள். வெறும் கட்டிலுக்கும் மெத்தைக்கும் ஊரில் ஆயிரம் விடுதி இருக்கிறது. அப்பா காலையில் தானே சவரம் செய்துகொண்டு நாற்காலிக்கு வந்துவிடுகிறார். இரண்டு வேளை பசித்துச் சாப்பிடுகிறார். உன் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாரே, அப்போது இப்படிச் சிரித்தாரா? கொஞ்சம் யோசித்துப் பார்.

தம்பி

பிப்ரவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுகிறேன். நன்றாகத் தூங்குகிறீர்களா? இருமல் எப்படி இருக்கிறது? உப்புக் காற்று உங்கள் நெஞ்சுக்கு ஆகாது என்று எனக்கு எப்போதும் பயம்.

அந்தப் பத்திரிகைப் படத்தைப் பார்த்தேன். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நாடகத்தில் ராஜா வேஷம் கொடுப்போம். நாடகம் முடிந்ததும் கிரீடத்தை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவோம். உங்களிடம் கிரீடத்தைத் திருப்பி வாங்குவார் யாருமில்லையே என்றுதான் என் வருத்தம். உங்களுக்கு எழுபத்தாறு வயது. உங்களைக் கயிறு, விளக்கு, துடுப்போடு ஒரு சாமானாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கே வந்துவிடுங்கள். உங்கள் அறை அப்படியேதான் இருக்கிறது. வீட்டின் பின்பக்கம் என்பதால் தெருச்சத்தமே கேட்காது. யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

வருகிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பாதம் பணியும்,
மகள்

மார்ச் 23

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் வருகிறது, போகிறது. மாப்பிள்ளையை மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள். பேத்தியின் புது வேலை எப்படிப் போகிறது?

இங்கே காற்று அதிகம். ஜன்னல் கொக்கி தளர்ந்து ராத்திரியெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாஷர் போட்டு இறுக்கினேன். அதைப் பார்த்துவிட்டு மருமகள், விருந்தாளிகள் இருக்கும்போது ஸ்பேனரை எடுக்க வேண்டாம் மாமா என்றாள். சரி என்றேன். அந்தத் தொலைநோக்கிக்குள் கண்ணாடியே கிடையாது, தெரியுமா? வெறும் குழாய். அதை வைத்துத்தான் தினமும் கடலைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் தெரிகிறது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் போன வாரம் என்னிடம் புயலைப் பற்றிக் கேட்டார். லிஃப்டின் கம்பிவடம் அறுந்த அன்று மோட்டார் அறையில் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

கேட்டதற்குப் பதில் எழுதவில்லையே என்று நினைக்காதே. இங்கே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இப்போதைக்கு இவ்வளவுதான்.

அப்பா

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வருகிறது, மனம் வரவில்லை.

அப்பாவின் கடிதம் வந்தது. ஸ்பேனரை எடுக்கக் கூடாதாமே? தன் கையால் ஒரு திருகை முடுக்க அந்த மனிதர் அனுமதி வாங்க வேண்டுமா? வீட்டின் உயிர் என்று போட்டிருந்தார்களே, உயிருக்குக் கை கிடையாதா?

நம் பள்ளிக்கூடத்து லிஃப்ட் கெட்டுப்போன நாள் உனக்கு நினைவிருக்காது, நீ ரொம்பச் சின்னவன். கால் வராத பிள்ளை ஒருத்தி மேல்மாடியில் மாட்டிக்கொண்டாள். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து, சோற்றுக் கையோடு ஓடி வந்தார். வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளையின் அம்மா அவர் காலில் விழப்போனாள். அப்பா கூச்சத்தில் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கதை அது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உன் மனைவி கடைவீதியில் வாங்கிய தொப்பிக்கு ஏற்ற கதையை அவர்மேல் மாட்டியிருக்கிறாய். உங்கள் அலங்காரத்துக்கு அப்பா கிடைத்தாரா?

மே மாதம் நான் வருகிறேன். வந்து அழைத்துப் போவேன். தடுத்தால் உன் விருந்தாளிகள் முன்னாலேயே உண்மையைச் சொல்வேன். உரக்கச் சொல்வேன். என் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்கும் என்பது உனக்குத் தெரியும்.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ மே மாதம் வராததே நல்லதாகப் போயிற்று. அத்தானின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததில் சந்தோஷம்.

இப்போதும் வர வேண்டாம். அறைகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன, நீ தங்க இடமிருக்காது. அப்பா கொஞ்ச நாளாக ஜன்னலோரம் உட்காருவதில்லை. ஓய்வெடுக்கிறார். நீ கேட்டதுதானே அது, இனிச் சந்தோஷமாக இரு.

நான் போனை எடுப்பதில்லை என்று அத்தான் குறைப்பட்டதாக எழுதியிருந்தாய். வேலை அதிகம். வேறொன்றுமில்லை.

தம்பி

ஜூன் 19

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

மாப்பிள்ளை இப்போது நடக்கிறாரா? நான் நடக்கிறேன், தினமும் இரண்டு தெரு.

உறையின் மேல் உள்ள விலாசத்தைப் பார்த்திருப்பாய். உன் தம்பி வீட்டிலிருந்து வந்துவிட்டேன். காரணத்தை நானே சொல்ல வேண்டும்.

மே மாதம் பதினெட்டாம் தேதி. மருந்துக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். மகளுக்கு ஒன்பது வயது. முதல் இரண்டு நாளும் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து கதை கேட்டாள். மூன்றாம் நாள் காலை அவர்கள் மூவரும் ஒரு சின்னப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவதாக ஏற்பாடு. வானம் ஒரு மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரர் என்னிடம் வந்தார். "கேப்டன் சார், இந்தக் காத்துல போலாமா? நீங்க சொன்னா போறோம்" என்றார்.

நான் அந்தக் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். "தாராளமா போங்க. காத்து இறங்கிடும்" என்றேன்.

காற்று இறங்கவில்லை. படகு கவிழ்ந்தது. மீன்பிடிக்கப் போனவர்கள் பெற்றவர்கள் இருவரையும் உடனே தூக்கிவிட்டார்கள். பிள்ளை கிடைக்க நேரமாயிற்று. பிழைத்துக்கொண்டாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அதில் நான்காம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் அப்பாவிடம், நான் கப்பலைத் தூரத்தில் நின்று பார்த்தவன், என் வேலை லிஃப்ட் ரிப்பேர் என்று சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "உங்கள நம்பித்தானே கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், தையல்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். என் ஓய்வூதியத்துக்குள் அடங்கும். கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்க் குடம். சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. கீழே நாள் முழுக்கத் தையல் மெஷின் ஓடுகிறது, மோட்டார் அறையில் இருப்பதுபோல இருக்கிறது.

என்னை அழைத்துப் போக வராதே. வருவதானால் எழுதிவிட்டு வா.

அப்பா

ஜூலை 6

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது யோக்கியதை இல்லை என்று நீ நினைக்கலாம். கேட்கிறேன். நலமா?

உனக்கு அப்பா எழுதியிருப்பார். ஆனால் எல்லாவற்றையும் எழுதியிருக்க மாட்டார், அவர் சுபாவம் தெரியும். சுற்றுலா அலுவலகத்திலிருந்து விசாரணை வைத்திருக்கிறார்கள். விடுதியின் உரிமத்தை ரத்து செய்யப் போகிறார்கள். கடலைப் பற்றி விருந்தாளிகளுக்கு ஆலோசனை சொல்ல, தகுதியில்லாத ஒருவரைக் கேப்டன் என்று உட்கார வைத்தோம் என்று குற்றச்சாட்டு.

படகு கவிழ்ந்த அன்று போலீஸ் வந்து கேட்டபோது, கையும் ஓடாமல் காலும் ஓடாமல், அப்பாவுக்கு மறதி நோய், தன்னைக் கேப்டன் என்று அவராகவே நினைத்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை ஆளைக் காணோம்.

இப்போது நான் சொன்னது நிற்க வேண்டுமானால் அப்பா மருத்துவப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று தடவை போய்விட்டேன். கதவைத் திறக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார், படிவத்தை மட்டும் தொட மறுக்கிறார். நீ சொன்னால் கேட்பார். இந்த வீட்டில்தான் எங்கள் பதினாறு வருடம் இருக்கிறது. ஒவ்வொரு சுவரையும் இவள் தன் கையால் தேய்த்தாள்.

இன்னொன்று. நீயாகக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஜன்னலோரம் இப்போது வேறொரு பெரியவரை உட்கார வைத்திருக்கிறோம். உண்மையிலேயே கப்பலில் வேலை பார்த்தவர். சமையற்கட்டில்தான், ஆனாலும் கப்பல். அவருக்குப் பேச்சே வராது. யாரும் அவரிடம் நிற்பதில்லை.

தம்பி

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். அந்த அறையில் காற்று வருகிறதா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?

தம்பியின் கடிதம் வந்தது. படித்து முடித்தபோது அவன் கன்னத்தில் இரண்டு வைக்கலாம்போல இருந்தது. பெற்ற அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அப்படிச் சொல்ல அவனுக்கு எப்படி நாக்கு புரண்டது என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு அவர் தலைவலி வந்து படுத்துவிட்டார்.

ஆனாலும் அப்பா, ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து, காய்ச்சல் என்று லீவு கடிதம் நீட்டுவான். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், கையெழுத்துப் போட்ட அவன் அப்பாவுக்கும் தெரியும். நான் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவேன். அதனால் யாரும் கெட்டுப்போய்விடவில்லை. ஒரு பிள்ளையின் வருடம் பிழைத்தது. இதுவும் அப்படி ஒரு காகிதம்தான். அந்தப் பெண்குழந்தைதான் நல்லபடி வீட்டுக்குப் போய்விட்டாளே. தம்பிக்கு இந்த வயதில் வேறு வேலை தெரியாது.

கையெழுத்தைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. உடம்பு முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் பாதம் பணியும்,
மகள்

ஆகஸ்ட் 9

மகளுக்கும் மகனுக்கும் அப்பா எழுதுவது.

இருவரும் உங்கள் குடும்பத்தோடு சுகமாக இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றமில்லை. கார்பன் தாள் வைத்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். அசல் யாருக்கு, நகல் யாருக்கு என்று சண்டை போடாதீர்கள்.

நான் கோபமாக இருக்கிறேன். என் கோபத்தை நீங்கள் அதிகம் பார்த்ததில்லை. அதனால் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

லிஃப்ட் பழுது பார்த்தால் முதலில் நான் தனியாக ஏறி, மேல்மாடிவரை போய் இறங்குவேன். அதற்குப் பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து. முப்பத்தெட்டு வருடம் இதில் தவறியதில்லை. மே மாதம் ஒரு குடும்பத்தை நான் ஏறாத பெட்டியில் ஏற்றி அனுப்பினேன். மறதி என்று கையெழுத்துப் போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை என்றாகிவிடும். நான்தான் சொன்னேன். தெரியாது என்று தெரிந்தே சொன்னேன். என்னைக் கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதுதான் காரணம். அது வியாதி இல்லை.

மகனே, நீ என்னை உட்கார வைத்ததற்காக நான் உன் வீட்டை விட்டு வரவில்லை, அதற்கு நானும் உடந்தை. பிள்ளை தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தபோது, நீ முதலில் காப்பாற்றியது உன் சுவர்களை. அதற்காகத்தான் வந்தேன்.

மகளே, உனக்கும் இருக்கிறது. உன் வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். உன் தலைமையாசிரியர் வந்தார், பேத்தியின் மாமியார் வீட்டார் வந்தார்கள், உன்னோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும், "அப்பா, கொஞ்சம் உள்ள இருங்க, கூப்பிடறேன்" என்பாய். நான் சட்டையை மாற்றிக்கொண்டு, நகத்தில் கிரீஸ் கறை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பேன். நீ ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பிறகு இவன் வீட்டுக்கு வந்தேன். "அப்பா, வெளிய வந்து உக்காருங்க" என்றான். யாராவது வெளியே கூப்பிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. தொப்பி என்ன, தலையில் கொம்பு வைத்திருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். இப்போது நீ மறுபடியும் உள்ளே இரு என்கிறாய், அதுவும் எனக்கு ஒரு வியாதியைக் கொடுத்து.

போன திங்கட்கிழமை விசாரணைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். அதிகாரி சின்ன வயதுக்காரி. மறதி உண்டா என்று பார்க்க என்னிடம் மூன்று கேள்வி கேட்டாள். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, நீங்கள் யார். முதல் இரண்டுக்கும் உடனே சொன்னேன். மூன்றாவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். மறந்து போனதால் அல்ல. அதை யாரும் என்னிடம் கேட்டு நாளாயிற்று. சொல்லி முடித்து, நடந்ததையும் சொல்லி, எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். உரிமம் ஒரு வருடத்துக்குப் போய்விட்டது. வாசலில் நின்ற மருமகள் என்னைப் பார்த்த பார்வை என்னோடு கடைசிவரை வரும். வரட்டும்.

என்னால் ஆனதைச் செய்கிறேன். மூடியிருக்கும் காலத்தில் அந்த வீட்டு ஒயரிங்கைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் வருவேன், ஸ்பேனரோடு. மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதினேன், அவர் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதாமலும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில்தான் இருப்பேன். இருவரும் வரலாம், தனித்தனியாகவோ சேர்ந்தோ. தையல்காரர் குடும்பமும் இந்தத் தெருக்காரர்களும் வந்து போவார்கள். அவர்களிடம் என்னைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா